ஆர்க்கிட்னு மட்டும் எழுதாதீங்க, எந்த ஆர்க்கிட்னு சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுக்குள்ள ஆர்க்கிட் வளர்க்கிறது பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. படம் ரொம்ப நல்லா இருந்துச்சு, அதுல குறையே இல்ல. ஆனா கட்டுரை முழுக்க ஆர்க்கிட் ஆர்க்கிட்னே வருதே தவிர எந்த ஆர்க்கிட்னு ஒரு இடத்துல கூட இல்லைங்க. படத்துல இருக்கிறது ஃபெலனாப்சிஸ். காலைல நாலு மணி நேரம் வெயில் வேணும்னு எழுதினது டென்ட்ரோபியம்ங்கிற இன்னொரு வகைக்கு சரி, ஃபெலனாப்சிஸ வச்சா இலை வெந்து போயிடும். வாரத்துக்கு மூணு ஐஸ் கட்டி வைக்க சொன்னது அமெரிக்காவுல இருக்கிறவங்க வீட்டுக்கு. மூணையும் ஒண்ணா சேர்த்து படிச்சிட்டு சென்னைல ஒருத்தர் செடி வாங்கினா ரெண்டு மாசத்துல அது குப்பைக்கு போறது நிச்சயம்.

இத ஏன் இவ்ளோ உரிமையா சொல்றேன்னா எங்க அபார்ட்மென்ட்ல யார் வீட்டு ஆர்க்கிட் வாடினாலும் கடைசில என் வீட்டு வாசல்ல தான் வந்து இறங்கும். கிரகப்பிரவேசத்துக்கு, பர்த்டேக்கு, ஆபீஸ்ல ஃபேர்வெல்லுக்குனு யாராவது கிஃப்ட் குடுத்திருப்பாங்க, ஆயிரம் ரூபா கிட்ட விலை, பூ இருக்கிற வரைக்கும் ஹால்ல டிவி பக்கத்துல ராஜ மரியாதை, பூ கொட்டினதும் பால்கனி மூலை, அப்புறம் நம்மகிட்ட. எடுத்து பாத்தா முக்கால்வாசி ஒரே கதை தான், அடில வேர் எல்லாம் அழுகி கூழா இருக்கும், மேல இலை துவண்டு கிடக்கும், இலை துவளுதேன்னு அவங்க இன்னும் தண்ணி ஊத்தியிருப்பாங்க.

முதல்ல எந்த செடின்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. அகலமான தடிமனான இலை நாலஞ்சு, கீழ தண்டுன்னே சொல்லிக்க ஒண்ணும் இல்லாம இலைக்கு நடுவுல இருந்தே புது இலை வரும், பக்கத்துல இருந்து வளைஞ்ச ஒரு பூத்தண்டுல வரிசையா தட்டையா பெரிய பூ, அது ஃபெலனாப்சிஸ், மோத் ஆர்க்கிட்னு விப்பாங்க. கிஃப்ட் கடைல வர்றது பெரும்பாலும் இதான். இன்னொண்ணு கணு கணுவா குச்சி மாதிரி நிக்கிற தண்டு, அத கேன்னு சொல்லுவோம், ஒரு தொட்டில அஞ்சாறு கேன் இருக்கும், அதோட நுனில கொத்தா பூ வரும், அது டென்ட்ரோபியம். கல்யாண மேடைல ஊதாவும் வெள்ளையும் கலந்து சொருகி வைக்கிறாங்களே அது பெரும்பாலும் இந்த வகை தான், அதுலயும் சோனியான்னு ஒரு ஹைப்ரிட் ரொம்ப பிரபலம். கேரளாக்காரங்க வீட்டு முற்றத்துல வரிசையா தொங்க விட்டிருக்கிறதும் அதே தான்.

கடைல விக்கிற இது ரெண்டுமே பெரும்பாலும் ஹைப்ரிட் தான், அதாவது வேற வேற வகைய கலந்து உண்டாக்கினது, காட்டுல அப்படியே கிடைக்காது. ஆர்க்கிட்ல மனுசன் ரெண்டு வகைய கலந்து முதல் பூ பாத்தது 1856ல இங்கிலாந்துல, வீச்சுன்னு ஒரு பெரிய நர்சரி, அங்க வேலை பாத்த ஜான் டோமினிங்கிறவர் கலாந்தே வகைல பண்ணினார். ஃபெலனாப்சிஸ்ல நடந்தது இன்னும் சுவாரஸ்யம். பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்த ஒரு செடிய பாத்துட்டு ஜான் லிண்ட்லிங்கிற தாவரவியல் அறிஞர் இது ரெண்டு வகை தானா கலந்து வந்த மாதிரி இருக்கேன்னு 1853லயே சந்தேகப்பட்டு இன்டர்மீடியான்னு பேர் வச்சார். முப்பது வருஷம் கழிச்சு அதே நர்சரில ஜான் செடன் அந்த ரெண்டு வகையையும் சேர்த்து 1886ல பூக்க வச்சு பாத்தா லிண்ட்லி சொன்ன அதே பூ! அதுக்கப்புறம் கலப்பு மேல கலப்பு, இன்னைக்கு ஆயிரக்கணக்குல இருக்கு. 1922ல நுட்சன்னு ஒரு அமெரிக்கர் ஆர்க்கிட் விதைய பூஞ்சை துணை இல்லாம சர்க்கரை கலந்த அகார்ங்கிற ஜெல்லிலயே முளைக்க வச்சார், ஏன்னா ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதுக்குள்ள சாப்பாடே கிடையாது, காட்டுல ஒரு பூஞ்சை ஊட்டினா தான் உண்டு. அந்த கண்ணாடி குடுவை வேலையும் பின்னாடி வந்த திசு வளர்ப்பும் இல்லைன்னா ஆயிரம் ரூபாக்கு இந்த செடி நமக்கு கிடைச்சிருக்காது, ஜமீன்தார் வீட்டு சமாச்சாரமாவே இருந்திருக்கும்.

இத எதுக்கு இழுக்குறேன்னா, ஹைப்ரிட்னா காட்டு செடிய விட வீட்டுக்கு சீக்கிரம் பழகும், உண்மை தான், ஆனா அப்பா அம்மா பழக்கம் முழுசா போகாது. ஃபெலனாப்சிஸோட மூதாதை எல்லாம் பிலிப்பைன்ஸ், தைவான், இந்தோனேசியா பக்கம் பெரிய மரத்து நிழல்ல கிளைல தொத்திக்கிட்டு வளர்றது. தொத்திக்கிட்டு தான், உறிஞ்சிக்கிட்டு இல்ல. எங்க பக்கத்து வீட்டு மாமா மாமரத்துல ஆர்க்கிட் கட்டவே விடமாட்டேன்னுட்டார், மரத்து சத்த எல்லாம் குடிச்சிடுமாம். புல்லுருவி வேற இது வேறன்னு எவ்ளோ சொல்லியும் ஏறல. இது மரத்த ஒரு இடமா மட்டும் தான் பயன்படுத்துது, தண்ணியும் சத்தும் மழையில இருந்தும் காத்துல இருந்தும் பட்டைல தேங்குற குப்பைல இருந்தும் வேரே பிடிச்சுக்கும். நம்ம சமவெளிலயே மாமரத்துல வாண்டா வகை ஆர்க்கிட் தானா வளர்ந்திருக்கும், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது.

அந்த வேர தான் உங்க கட்டுரை சுத்தமா விட்டுடுச்சு. தடியா வெள்ளையா இருக்கே அந்த வேரோட மேல வெலமென்னு ஒரு உறை இருக்கு, செத்த செல்களால ஆனது, மழை பட்டதும் ஸ்பாஞ்ச் கணக்கா இழுத்துக்கும், அப்புறம் காத்துல காயும். நனையணும், காயணும், மறுபடி நனையணும். மண்ணுல நட்டா காயவே காயாது, மூச்சு முட்டி அழுகிடும். கோகோபீட்னு விக்கிற தேங்கா நார்த்தூளும் அதே தான், நம்ம ஊர் புழுக்கத்துல நாள் கணக்கா ஈரமா கிடக்கும். உங்க கட்டுரைல செம்மண் ஒரு பங்கு கோகோபீட் ஒரு பங்குன்னு போட்டிருக்கே, அது ரோஜாவுக்கு எழுதினது இங்க வந்துடுச்சோன்னு எனக்கு சந்தேகம்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல அடுப்புக்கரி துண்டு, செங்கல் ஜல்லி, உடைஞ்ச ஓட்டு சில்லு, இது போதும் டென்ட்ரோபியத்துக்கு. ஃபெலனாப்சிஸ்க்கு கேன் கிடையாது, தண்ணிய சேமிச்சு வைக்க இலையையும் வேரையும் விட்டா வேற இடம் இல்ல, அதனால கரியோட பைன் பட்டையோ இல்ல நல்லா ஊற வச்சு நாலஞ்சு தடவை தண்ணி மாத்தின தேங்கா மட்டை துண்டோ சேர்த்துக்கலாம். ஊற வைக்காம போட்டா மட்டைல இருக்கிற உப்பே வேர் நுனிய கருக்கிடும். தொட்டி சுத்தி ஓட்டை இருக்கிற நெட் பாட் இல்லன்னா உள்ள தெரியிற ட்ரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக். அந்த ட்ரான்ஸ்பரன்ட் தொட்டி அழகுக்கு இல்லைங்க, வேர பாக்குறதுக்கு. வேர் வெள்ளி நிறமா இருந்தா தண்ணி கேக்குதுன்னு அர்த்தம், பச்சையா இருந்தா இன்னும் ஈரம் இருக்கு கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. வாரம் எத்தனை தடவைன்னு யாராலயும் சொல்ல முடியாது, கரில வச்ச டென்ட்ரோபியம் மே மாசம் தினமும் கேக்கும், மாஸ்னு சொல்ற காஞ்ச பாசில வச்ச ஃபெலனாப்சிஸ் நவம்பர் மழைல ஒரு வாரம் பத்து நாள் கூட கேக்காது.

ஐஸ் கட்டி விஷயத்த நேர்மையா சொல்லணும்னா அது செடிய கொன்னுடும்னு சிலர் பயமுறுத்துறதும் தப்பு தான். 2017ல அமெரிக்காவுல ஒஹையோ ஸ்டேட், ஜார்ஜியா யூனிவர்சிட்டிக்காரங்க பட்டைல வளர்ற ஃபெலனாப்சிஸ்க்கு வாரம் ஒரு தடவை ஐஸ் வச்சும், அதே அளவு சாதா தண்ணி ஊத்தியும் ஒப்பிட்டு பாத்து, ஐஸ் வச்சதால கெடுதல் இல்ல, பூவும் சீக்கிரம் கொட்டலைன்னு சொன்னாங்க. ஆனா அது அவங்க ஊர் வீட்டு கணக்கு. அளவா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி போகணும் அவ்ளோ தான் அதுல விஷயம். நம்ம ஊர்ல ஏப்ரல் மாசம் மூணு ஐஸ் கட்டி தண்ணி பாதி தொட்டிய கூட நனைக்காது, அடில இருக்கிற உப்பும் கழுவி போகாது. குழாய் தண்ணிய தொட்டி வழிய நல்லா ஓட விட்டு, வடிய விட்டு, அப்புறமா அழகு பீங்கான் பாட்டுக்குள்ள இறக்குங்க. அந்த பீங்கான் பாட்டுக்கு அடில ஓட்டை இருக்காது, தண்ணி தேங்கி நிக்கும், கிஃப்ட் செடில பாதி சாகிறதே அதுல தான்.

குழாய் தண்ணின்னு சொன்னேன், அதுலயும் ஒண்ணு இருக்கு. எங்க ஏரியா போர் தண்ணி பக்கெட்ல வெள்ளையா படியும், அதயே ஊத்திக்கிட்டு இருந்தா வேர் நுனி கருகும், இலை நுனி காயும். அதவிட மோசம் ஆர்ஓ மெஷின்ல வெளிய போற வேஸ்ட் தண்ணி, வீணாக்க கூடாதுன்னு நல்ல மனசோட பிடிச்சு செடிக்கு ஊத்துறாங்க, தரை துடைக்க வச்சுக்கோங்க, ஆர்க்கிட்டுக்கு வேணாம், உப்பு எல்லாம் அதுல தான் இருக்கு. மழைத்தண்ணி பிடிச்சு வைக்க முடிஞ்சா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஏசில சொட்டுற தண்ணியும் உப்பு இல்லாதது தான், ஏசிய சர்வீஸ் பண்ணி சுத்தமா வச்சிருந்தா தாராளமா ஊத்தலாம்.

ஊத்துறது எப்பவும் காலைல. காட்டுல ஃபெலனாப்சிஸ் மரத்துல சாய்ஞ்சு தலை கீழ் பக்கமா தொங்குற மாதிரி தான் வளரும், அதனால இலைக்கு நடுவுல தண்ணி நிக்காது. நாம தான் நேரா நிமித்தி தொட்டில வச்சு ஷவர் பிடிச்சு விடுறோம், தண்ணி நடுக்குருத்துல தேங்கி ராத்திரி பூரா நின்னா குருத்து அழுகிடும், அந்த செடிக்கு ஒரே குருத்து தான், அது போச்சுன்னா பெரும்பாலும் கதை முடிஞ்சுது. அப்படி தேங்கிட்டா டிஷ்யூ பேப்பர் முனைய விட்டு உறிஞ்சி எடுத்துடுங்க. தினமும் இலை மேல ஸ்ப்ரே பண்ணுங்கன்னு எழுதியிருக்கீங்க, கடலோர ஊர்ல ஏற்கனவே காத்துல ஈரம் தான், அதுக்கு பதிலா ஒரு சின்ன ஃபேன் தூரத்துல இருந்து ஓடுறது எவ்வளவோ மேல்.

இப்போ எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்வி, வாங்கும்போது இருந்த பூ தான், ரெண்டு வருஷம் ஆச்சு இலையா விடுது பூவே காணோம். இதுக்கு உரம் காரணம் இல்ல, சூடு தான் காரணம். ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விடணும்னா சில வாரம் தொடர்ந்து குளிர்ச்சி வேணும், சுமாரா 25 டிகிரிக்கு கீழ. 28 டிகிரிக்கு மேலயே வச்சிருந்தா இலை மட்டும் தான் விடும், நர்சரிக்காரங்க இத தெரிஞ்சே தான் பண்றாங்க, சூட்டுல வச்சு செடிய பெருசாக்கி, அப்புறம் குளிர் ரூமுக்கு மாத்தி எல்லா செடியையும் ஒரே நேரத்துல பூக்க வச்சு விற்பனைக்கு அனுப்புறாங்க. சென்னைல மே மாசம் ராத்திரியே 28 டிகிரி. டிசம்பர் ஜனவரில தான் 21, 22க்கு இறங்கும், அந்த ரெண்டு மாசம் தான் நமக்கு கிடைக்கிற சான்ஸ். அந்த நேரத்துல ஜன்னல் ஓரமா வச்சிருந்தா சில செடி தண்டு விடும், ஆனா தண்டு வந்து பூ விரிய மூணு நாலு மாசம் ஆகும், அதுக்குள்ள ஏப்ரல் வந்துடும், சூட்டுல மொட்டு கருகும், இல்ல தண்டுலயே பூவுக்கு பதில் குட்டி செடி முளைக்கும். குட்டி செடி வந்தா சந்தோஷப்படலாம், பூவுக்காக வாங்கினவங்களுக்கு அது ஆறுதல் இல்ல.

ஏசி இருக்கிற பெட்ரூம்ல ராத்திரி 24ல வச்சு தூங்குறவங்க செடியையும் உள்ள எடுத்து வைங்க, ஏசி காத்து நேரா படாத மூலைல. பகல்ல கிழக்கு ஜன்னல்ல மெல்லிசு கர்ட்டனுக்கு பின்னாடி. எங்க பிளாக்ல இப்படி பண்றவங்களுக்கு பூ வருது. இந்த செடி பகல்ல இலைத்துளைய மூடிக்கிட்டு ராத்திரி தான் திறந்து காத்த எடுக்கும், அதனால ராத்திரி நல்ல இடத்துல இருக்கிறது அதுக்கு எப்படியும் நல்லது தான். ஏசி இல்லாத வீடா, கரண்ட் பில்லு பயமா, அப்போ ஃபெலனாப்சிஸ் வேணாம்ங்க, டென்ட்ரோபியம் வாங்குங்க. அதுக்கு குளிரே தேவையில்ல, வெளிச்சம் தான் வேணும், காலை வெயில் விழுற பால்கனியோ ஜன்னல் கிரில்லோ இருந்தா வருஷத்துல ரெண்டு மூணு தடவை கூட பூக்கும், விலையும் குறைவு. பூத்து முடிஞ்ச பழைய கேன் சுருங்கி அசிங்கமா இருக்கும், அத வெட்டிடாதீங்க, அதுல தான் சாப்பாடும் தண்ணியும் சேர்த்து வச்சிருக்கு, சில நேரம் அதுலயே மறுபடி பூ வரும். நல்லா மஞ்சளாகி காஞ்சா மட்டும் எடுங்க.

வெளிச்சம் போதுதான்னு இலையே சொல்லிடும், கரும்பச்சையா பளபளன்னு இருந்தா பாக்க அழகு ஆனா வெளிச்சம் பத்தல, இளம்பச்சை தான் சரி, மஞ்சளடிச்சா ஜாஸ்தி. தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிற 19:19:19 உரம் எல்லா கடையிலயும் கிடைக்கும், ஒரு லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை, மாசத்துல ஒரு வாரம் வெறும் தண்ணில கழுவி விடணும். சாணி, வெங்காயத்தோல் தண்ணி, அரிசி கழுவின தண்ணி எல்லாம் வீட்டுக்குள்ள வச்சா நாத்தமும் கொசுவும் தான் மிச்சம். மாவுப்பூச்சி இலை அடில ஒளிஞ்சிருக்கும், மெடிக்கல்ல விக்கிற ஸ்பிரிட்ட பட்ஸ்ல தொட்டு துடைச்சா போயிடும், விடாம நாலு வாரம் துடைக்கணும், ஒரு தடவைல போகாது. அழுகின வேர வெட்டினா வெட்டின இடத்துல மட்டும் சமையலுக்கு போடுற லவங்கப்பட்டைப் பொடி வைக்கலாம், நல்ல வேர் மேல தூவாதீங்க, அதையும் காய வச்சிடும்.

கடைல வாங்கின செடிக்கு ஒரு வேலை இருக்கு, இத யாரும் சொல்றதில்ல. பூ முடிஞ்ச பிறகு தொட்டிய விட்டு எடுத்து நடுவுல விரல விட்டு பாருங்க, வேருக்கு நடுவுல இறுக்கமா ஒரு மாஸ் உருண்டை இருக்கும், சின்ன கன்னா இருக்கும்போது வச்சது. வெளிய எல்லாம் காஞ்சாலும் அந்த உருண்டை ஈரமாவே இருந்து உள்ள இருந்து அழுக வைக்கும். பொறுமையா பிச்சு எடுத்துட்டு புது கரி, பட்டை கலவைல வைங்க. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டை, பட்டை மக்கிப்போகும்போது மாத்தினா போதும்.

ஊட்டி, ஏற்காடு டூர் போற இடத்துல ரோட்டோரம் மரத்துல இருந்து பிச்ச ஆர்க்கிட்ட விப்பாங்க, தயவு செஞ்சு வாங்காதீங்க, உங்க வாசகர்களுக்கும் சொல்லுங்க. காட்டு ஆர்க்கிட்ட நாடு விட்டு நாடு விக்கிறதுக்கு சைட்டிஸ்ங்கிற உலக ஒப்பந்தத்தோட கட்டுப்பாடு இருக்குங்கிறது ஒரு பக்கம், மலை குளிர்ல வளர்ந்தது இங்க நம்ம வீட்ல ஒரு கோடை தாங்காதுங்கிறது இன்னொரு பக்கம். பாக்கணும்னா ஏற்காட்டுலயே இந்திய தாவரவியல் ஆய்வகத்தோட ஆர்க்கிட் தோட்டம் இருக்கு, போய் பாத்துட்டு வரலாம்.

நான் கேக்குறது ஒண்ணு தான். அடுத்த இணைப்புல ஒரு சின்ன பெட்டி போட்டு இது ஃபெலனாப்சிஸ், இது டென்ட்ரோபியம், உங்க வீட்ல எவ்ளோ சூடுன்னு பாத்துட்டு வாங்குங்கன்னு போடுங்க. நர்சரிக்காரங்களும் கிஃப்ட் கடைக்காரங்களும் உங்க பேப்பர் படிக்கிறவங்க தான், தொட்டில விலை சீட்டு ஒட்டுறாங்க, அதுலயே செடி பேரையும் எழுதினா என்ன செலவு ஆகிடப்போகுது? தக்காளி நாத்து விக்கிறவர் கூட ரகம் சொல்லி தான் விக்கிறார்.

அப்புறம் அதே பக்கத்துல மதுரைல இருந்து ஒரு வாசகி, மொட்டு வந்து வந்து மஞ்சளாகி கொட்டுதுன்னு கேட்டிருந்தாங்க, நீங்க நுண்ணூட்டம் போட சொல்லியிருந்தீங்க. அதுக்கு முன்னாடி தொட்டி எங்க இருக்குன்னு கேளுங்க. டைனிங் டேபிள்ல மாம்பழம், வாழைப்பழம் வச்ச கூடைக்கு பக்கத்துல இருந்தா பழம் விடுற எத்திலீன் வாயு பட்டே மொட்டு கொட்டும், ஏசி காத்து நேரா பட்டாலும் கொட்டும், மொட்டு வந்த பிறகு இடத்த மாத்தி மாத்தி வச்சாலும் கொட்டும். இது மூணும் இல்லைன்னா நுண்ணூட்டத்த பாத்துக்கலாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
சென்னை.